சாமியார் இல்லாத 29 வருடங்கள்: பிள்ளைகள் சுமந்த விசுவாசம்

வரலாறு பேசுற நம்ம நிகழ்ச்சியில, இன்னைக்குக் கொஞ்சம் வீட்டுக்குப் பக்கத்துல இருக்கிற விஷயம் ஒண்ணு.

கத்தோலிக்கப் பெற்றோர்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி ஒண்ணு இருக்கு. "பிள்ளைங்களுக்கு விசுவாசத்தை எப்படிங்க ஊட்டுறது? ஞாயித்துக்கிழமை மறைக்கல்விக்கு அனுப்புறோம். புதுநன்மை வரைக்கும் ஒழுங்கா போறாங்க. அதுக்கப்புறம் நின்னு போயிடுது." இதைச் சொல்லும்போது அவங்க குரல்ல ஒரு குற்ற உணர்ச்சி இருக்கும். நாம எங்கேயோ தவற விட்டுட்டோம்னு நினைக்கிறாங்க.

நான் சாமியாரும் இல்லை, உபதேசியாரும் இல்லை. ஆலோசனை சொல்ற தகுதி எனக்குக் கிடையாது. ஆனா நம்ம கடற்கரையிலயும், கடலுக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்திலயும் இதே கேள்விக்கு ரொம்பக் கடுமையான ஒரு பரீட்சை நடந்திருக்கு. அந்தக் கதையைச் சொல்றேன். பதிலை நீங்களே எடுத்துக்கலாம்.

பெயரளவில் கிறிஸ்தவர்கள்

கதை முத்துக்குளித்துறையில் ஆரம்பிக்கிறது. கன்னியாகுமரியிலிருந்து தூத்துக்குடியைத் தாண்டிப் போகும் கடற்கரை அது. மணப்பாடு, வீரபாண்டியன்பட்டினம், புன்னைக்காயல் எல்லாம் அதில் வரும் ஊர்கள். அங்கே முத்துக் குளித்து வாழ்ந்த பரதவர்கள் 1530களின் நடுவில் ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் பெற்றார்கள். அதற்கு அரசியல் காரணமும் உண்டு. முத்துக்குளிப்பு உரிமை தொடர்பான சண்டையில் அவர்களுக்குப் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பு தேவைப்பட்டது. இதை மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் ஞானஸ்நானம் கொடுத்தவர்கள் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். சொல்லித்தர அங்கே தங்கி இருந்தவர்கள் இல்லை. தமிழ் தெரிந்த குருக்களும் இல்லை. 1542-இன் கடைசி மாதங்களில் பிரான்சிஸ் சவேரியார் அந்தக் கரைக்கு வந்து, ஊர் ஊராகப் போய் விசாரித்தார். நாங்கள் கிறிஸ்தவர்கள் என்றார்கள். என்ன விசுவசிக்கிறீர்கள் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. குற்றம் அவர்களுடையது இல்லை. சொல்லிக்கொடுக்க ஆளில்லை, அவ்வளவுதான்.

சவேரியாருக்கும் தமிழ் தெரியாது. இரண்டு மொழியும் ஓரளவு தெரிந்த சிலரை உட்காரவைத்து, சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், கர்த்தர் கற்பித்த செபம், மங்கள வார்த்தை, பத்துக் கட்டளை இவற்றைத் தமிழில் ஆக்கினார். பிறகு தானே மனப்பாடம் செய்துகொண்டார். கையில் ஒரு மணியை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். மணிச் சத்தம் கேட்டு முதலில் ஓடி வருவது யாராக இருக்கும்? பிள்ளைகள்தானே!

சவேரியார் 1544 சனவரியில் கொச்சியிலிருந்து ரோமாபுரியில் இருந்த தம் சபைத் தோழர்களுக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் இதையெல்லாம் விவரிக்கிறார். தினம் இரண்டு முறை பிள்ளைகளைக் கூட்டி, ஒரு மாதத்தில் செபங்களைக் கற்றுக்கொடுத்தார். அதோடு அவர்களுக்கு ஒரு வேலையும் கொடுத்தார்: இங்கே படித்ததை வீட்டுக்குப் போய் அப்பா அம்மாவுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும், வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

இந்த இடத்துல கொஞ்சம் நில்லுங்க. நாம வழக்கமா நினைக்கிறது என்ன? பெரியவங்க பிள்ளைங்களுக்கு விசுவாசத்தைக் கொடுக்கணும். இங்கே நடந்தது தலைகீழ். பிள்ளைங்கதான் வீட்டுக்குள்ள கொண்டு போனாங்க. தமிழ்நாட்டுக் கடற்கரையில பல குடும்பங்கள்ல முதல் உபதேசியார் பத்து வயசுப் பிள்ளைதான்.

அதுமட்டுமில்லை. நோயாளிகள் வீட்டுக்கு வரச் சொல்லி சவேரியாருக்கு அழைப்புகள் வந்துகொண்டே இருந்தன. எல்லா வீட்டுக்கும் அவரால் போக முடியவில்லை. செபம் தெரிந்த பிள்ளைகளை அனுப்பினார். அவர்கள் நோயாளியின் வீட்டாரையும் அக்கம்பக்கத்தாரையும் கூட்டி, விசுவாசப் பிரமாணத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். பெரியவர்கள் படுத்திருக்கும் பாயருகே ஒரு சிறுவன் நின்று செபத்தை ஆரம்பிக்கிறான், வீடு முழுக்கப் பின்னால் சொல்கிறது. குடும்ப செபம் என்று நாம் இன்றைக்குச் சொல்கிறோமே, அதை அன்றைக்கு அந்த வீட்டில் முன்னின்று நடத்தியவன் ஒரு சிறுவன்.

"எனக்கு வேணும்"

இன்னொரு சின்ன சம்பவம், எனக்கு ரொம்பப் பிடிச்சது.

அந்த முதல் மொழிபெயர்ப்பில் ஒரு தப்பு இருந்தது. விசுவாசப் பிரமாணத்தில் "விசுவசிக்கிறேன்" என்று வர வேண்டிய இடத்தில் "வேணும்" என்ற சொல் புகுந்துவிட்டது. மொழிபெயர்க்க உதவியவர்கள் அப்படிப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். கொஞ்ச நாள் கடற்கரை முழுக்கப் பிள்ளைகள் அப்படியே ஒப்பித்திருக்கிறார்கள். சவேரியார் இதைக் கண்டுபிடித்து, அங்கே வேலை செய்துகொண்டிருந்த தம் தோழர் மன்சில்லாசுக்கு 1544-இல் எழுதிய கடிதத்தில் திருத்தச் சொல்கிறார். "வேணும்" என்றால் ஆசைப்படுவது, விசுவாசம் என்பது வேறு, அதை மாற்றுங்கள் என்பது அவர் சொன்னதன் சாரம்.

இதைப் படிச்சப்போ எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே ஒரு ஆறுதலும் வந்தது. சவேரியாரே தப்பாத்தான் ஆரம்பிச்சிருக்கார்! பிள்ளை கேள்வி கேட்டா சரியான பதில் நமக்குத் தெரியலையேன்னு பயந்து பல பெற்றோர் பேச்சையே எடுக்கிறதில்லை. அவர் தெரிஞ்ச அளவுக்கு ஆரம்பிச்சார். தப்புன்னு தெரிஞ்சதும் திருத்தினார். ஆனா ஆரம்பிக்காம இருக்கலை.

அவர் எப்போதும் ஒரே ஊரில் தங்கியவர் இல்லை. ஒவ்வொரு ஊரிலும் செபங்களின் பிரதியை எழுதி வைத்துவிட்டு அடுத்த ஊருக்குப் போனார். எழுதத் தெரிந்தவர்கள் அதைப் பார்த்து எழுதி, மனப்பாடம் செய்து, தினமும் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. கோவிலைக் கவனித்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரக் கணக்கப்பிள்ளைகளை நியமித்தார்.

அவருக்குப் பின் அந்தக் கரையில் பல ஆண்டுகள் உழைத்த அன்றிக்கே அன்றிக்கசு அடிகளார் இதை அச்சுக்குக் கொண்டுபோனார். 1578 அக்டோபரில் கொல்லத்தில் அச்சான "தம்பிரான் வணக்கம்" பதினாறே பக்கம். இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் இந்தியாவில் அச்சான முதல் நூல் அது. அதன் உள்ளடக்கம் என்ன தெரியுமா? வீட்டில் சொல்லும் செபங்கள்தான். அடுத்த ஆண்டு கொச்சியில் "கிரீசித்தியானி வணக்கம்" வந்தது. அதன் மூலம் போர்த்துக்கல்லில் மார்க்கோஸ் ஜோர்ஜ் என்ற இயேசு சபைக் குரு பிள்ளைகளுக்காகவே எழுதிய ஞானோபதேச நூல். ஆசிரியர் கேட்பார், மாணவன் பதில் சொல்வான், அந்த நடையில் இருக்கும். உங்க பாட்டி காலத்துச் சின்னக் குறிப்பிடம் ஞாபகம் இருக்கா? கேள்வி, பதில், கேள்வி, பதில்னு போகுமே. அந்த நடை நம்ம மொழியில இவ்வளவு பழசு.

சங்கடமான ஒரு பக்கம்

இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். அதே 1544 கடிதத்தில் சவேரியார் இன்னொன்றும் எழுதுகிறார். பிள்ளைகள் பழைய வழிபாட்டை வெறுத்தார்கள். சொந்த அப்பா அம்மாவே பழைய தெய்வங்களைக் கும்பிட்டால்கூட அவர்களைக் கடிந்துகொண்டார்கள், வந்து தன்னிடம் சொன்னார்கள் என்று மகிழ்ச்சியோடு எழுதுகிறார். சிலைகளை உடைத்ததையும் எழுதுகிறார்.

பதினாறாம் நூற்றாண்டு ஐரோப்பியர் ஒருவர் அப்படி நினைத்ததில் ஆச்சரியம் இல்லை. ஆனால் இன்றைக்கு அதைப் படிக்கும்போது நமக்கு வலிக்கிறது. வலிக்கத்தான் வேண்டும். பக்கத்து வீட்டு அக்கா கொடுக்கிற பொங்கலைச் சாப்பிட்டு வளர்ந்தவங்க நாம. ஒரு பிள்ளையின் கையில் விசுவாசத்தைக் கொடுக்கலாம். அதே பிள்ளையை வீட்டுக்குள் ஒற்றனாகவும் ஆக்கிவிடலாம். இரண்டும் அதே மணிச் சத்தத்திலிருந்து வந்ததுதான். பிள்ளைக்குப் பொறுப்பைக் கொடுக்கும்போது எந்தப் பொறுப்பைக் கொடுக்கிறோம் என்று பார்க்க வேண்டும்.

இப்போ கடலைத் தாண்டுவோம். அந்தப் பக்கத்துல, பிள்ளைங்க வாய் திறந்தா வீட்டுக்கே ஆபத்துங்கிற நிலைமை.

கதவை மூடிய யாழ்ப்பாணம்

முத்துக்குளித்துறைக்கும் மன்னாருக்கும் இடையில் இருப்பது ஒரு சின்னக் கடல்தான். சவேரியார் காலத்திலேயே மன்னாரில் கத்தோலிக்கர்கள் உருவானார்கள். அதற்காக யாழ்ப்பாண அரசனின் படையால் கொல்லப்பட்டவர்களும் அங்கே உண்டு. 1619-இல் யாழ்ப்பாணம் போர்த்துக்கீசியர் கைக்கு முழுமையாகப் போனது. பங்குகள், கோவில்கள், குருக்கள் என்று ஊர் ஊராக அமைப்பு வளர்ந்தது.

1658-இல் டச்சுக்காரர்கள் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்தார்கள். அவர்கள் சீர்திருத்தச் சபையைச் சேர்ந்த புரொட்டஸ்டன்டுகள். கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டார்கள். கோவில்கள் சீர்திருத்தச் சபையின் கோவில்களாகவும் பள்ளிக்கூடங்களாகவும் மாறின. கத்தோலிக்கக் குரு ஒருவருக்கு வீட்டில் இடம் கொடுத்தால் தண்டனை மரணம் வரை போகலாம் என்று கட்டளை வந்தது.

பிள்ளைகளைப் பொறுத்தவரை டச்சுக்காரர்கள் ரொம்பத் தெளிவாக இருந்தார்கள். ஒவ்வொரு பங்கிலும் பள்ளிக்கூடம். பிள்ளைகள் கட்டாயம் வர வேண்டும், வராவிட்டால் பெற்றோருக்கு அபராதம். பள்ளித் தோம்பு என்ற பதிவேட்டில் ஞானஸ்நானமும் திருமணமும் பதியப்பட்டன. பதிவு இல்லாவிட்டால் சொத்து உரிமைக்குச் சிக்கல். பிள்ளை யார் கையில் இருக்கிறதோ அவர்கள் கையில்தான் அடுத்த தலைமுறை இருக்கும் என்பது அவர்களுக்கும் தெரிந்திருந்தது.

இப்போ ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. 1658-ல ஒரு பெண் குழந்தை பிறக்குதுன்னு வச்சுக்கோங்க. அவ ஒரு கத்தோலிக்கக் குருவைப் பார்த்ததில்லை. பூசை கண்டதில்லை. பாவசங்கீர்த்தனம் செஞ்சதில்லை. நன்மை வாங்கினதில்லை. டச்சுப் பள்ளிக்கூடத்துல படிச்சா. கல்யாணம் ஆச்சு, பிள்ளைங்க பிறந்தாங்க. 1687-ல அவளுக்கு 29 வயசு, மூத்த பிள்ளைக்குப் பத்து வயசு இருக்கலாம். அந்தப் பிள்ளைக்கு அவ எதைக் கொடுக்க முடியும்? அவளுக்கு அவ அம்மா வாயால சொல்லிக்கொடுத்ததை மட்டும்தான்.

ரகசியமாகச் செய்வதை யாரும் எழுதி வைக்க மாட்டார்கள். எழுதினால் அதுவே சாட்சியாகிவிடும். ஆனால் குரு இல்லாத வீட்டில் என்ன செய்ய முடியும் என்பது திருச்சபைச் சட்டத்திலேயே இருக்கிறது. அவசர வேளையில் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். செபமாலை சொல்லக் குரு தேவையில்லை. புத்தகம்கூடத் தேவையில்லை, விரல் பத்து இருந்தால் போதும்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. பகலில் டச்சுப் பள்ளியில் பிள்ளை கற்றுக்கொண்ட கர்த்தர் கற்பித்த செபமும் விசுவாசப் பிரமாணமும் பத்துக் கட்டளையும் பெரும்பாலும் வீட்டில் சொல்வதேதான். வித்தியாசம் மாதாவிடம் இருந்தது. மங்கள வார்த்தையை அந்தப் பள்ளி சொல்லித்தராது. அதை வீடுதான் சொல்லித்தர வேண்டும். அதனால்தான் செபமாலை அந்த மக்களுக்குச் செபத்தோடு அடையாளமாகவும் ஆனது. மாந்தையிலிருந்து சில குடும்பங்கள் 1670-இல் மாதா சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போனதாக மரபு சொல்கிறது. இன்றைக்கு ஆகஸ்ட் 15-க்கு லட்சக்கணக்கானோர் கூடும் மடுமாதா திருத்தலத்தின் ஆரம்பம் அந்தக் குடும்பங்கள்தான்.

கழுத்தில் செபமாலையுடன் ஒரு பிச்சைக்காரர்

1687-இல் கோவாவைச் சேர்ந்த யோசேப் வாஸ் என்ற குரு, யோவான் என்ற தம் பணியாளரோடு இலங்கைக்கு வந்தார். குருவாக வந்தால் உயிர் போகும். கூலிக்காரர் வேடத்தில் கடல் தாண்டினார். வழியில் பட்ட பாட்டில் கடுமையாக நோயில் விழுந்தார். பிழைத்து எழுந்து யாழ்ப்பாணத்தில் வீடு வீடாகப் பிச்சை கேட்டுப் போனார்.

அவருக்கு ஒரு சிக்கல். இந்த ஊரில் யார் கத்தோலிக்கர் என்று எப்படித் தெரிந்துகொள்வது? கேட்க முடியாது. கேட்டாலும் யாரும் சொல்ல மாட்டார்கள். அவர் கழுத்தில் ஒரு செபமாலையைப் போட்டுக்கொண்டார். வாசலில் நின்று பிச்சை கேட்பார். வீட்டுக்காரர்களின் கண் எங்கே போகிறது என்று பார்ப்பார்.

அந்த மாலையை அடையாளம் கண்டுகொள்ள, உள்ளே இருப்பவர்களுக்கு அது என்னவென்று தெரிந்திருக்க வேண்டும். 29 வருடம் குருவே இல்லாத ஊர். தெரிந்திருந்தது! சந்தேகப்பட்டார்கள், சோதித்துப் பார்த்தார்கள், கடைசியில் நம்பினார்கள். பிறகு கத்தோலிக்கர்கள் திரளாக வாழ்ந்த சில்லாலையில் அவரை ஒளித்து வைத்தார்கள். பகலில் மறைந்திருந்து இரவில் பூசை வைத்தார், பாவசங்கீர்த்தனம் கேட்டார். 1689 கிறிஸ்துமஸ் நேரத்தில் டச்சுக்காரர்கள் வளைத்துப் பிடித்தார்கள். பலர் கைதானார்கள், சிலர் சித்திரவதைப்பட்டார்கள். யோசேப் வாஸ் தப்பி, பின்னால் கண்டி ராச்சியத்துக்குப் போய், 1711-இல் அங்கேயே இறந்தார். 2015 சனவரியில் கொழும்பு காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

அவர் பெரிய மனிதர், சந்தேகமில்லை. ஆனா அவர் போய்த் தட்டின கதவுக்குப் பின்னால் ஒண்ணும் இல்லாம இருந்திருந்தா? ஒரு பிச்சைக்காரர் கழுத்துல ஏதோ மணி மாலை, அவ்வளவுதான். யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டாங்க. இலங்கையில் கத்தோலிக்கத்துக்கு அவர் மறுபடி உயிர் கொடுத்தார் என்று எழுதுகிறார்கள். உயிர் ஏற்கெனவே இருந்தது. அதைப் பேர் தெரியாத அம்மாக்களும் பாட்டிகளும் அடுப்படியிலும் திண்ணை ஓரத்திலும் வைத்திருந்தார்கள். இலங்கையில் கத்தோலிக்கர்கள் மீதான சட்டத் தடைகள் ஆங்கிலேயர் காலத்தில், 1806-இல்தான் நீங்கின.

அப்போ நமக்கு?

நம்ம நிலைமை வேற. நம்ம கதவை யாரும் தட்டப் போறதில்லை. கோவில் திறந்திருக்கு, பங்குச்சாமியார் இருக்கார், மறைக்கல்வி ஆசிரியர் இருக்காங்க, போன்ல தினமும் வாசகமே வந்துடுது. எல்லாம் இருக்கிறதாலேயே ஒரு ஆபத்து: வீடு தன் வேலையைக் கைமாத்தி விட்டுடுது. வேறு யாரோ பார்த்துப்பாங்கன்னு விட்டுடுறோம். யாழ்ப்பாணத்து அம்மாவுக்கு அந்த "வேறு யாரோ" இல்லை. அதனால அவ சொல்லிக்கொடுத்தா.

என் சின்ன வயசுல எங்க வீட்டுல தினமும் செபமாலை உண்டு. உண்மையைச் சொல்றேன், நாலாவது பத்துக்குள்ள நான் தூங்கிடுவேன். பாட்டி தொடையில தட்டி எழுப்புவாங்க. பக்தியில பொங்கி வழிஞ்ச நேரம் எல்லாம் கிடையாது. ஆனா ஒரு நாள் பாட்டிக்குக் காய்ச்சல். "இன்னைக்கு நீ ஆரம்பி"ன்னாங்க. அன்னைக்கு நான் தூங்கலை. அஞ்சு பத்தும் முழுசா சொன்னேன். இவ்வளவு வருஷம் கழிச்சு, சவேரியார் கடிதத்தைப் படிச்சப்போதான் அன்னைக்கு ஏன் தூக்கம் வரலைன்னு எனக்குப் புரிஞ்சது.

அந்தப் பரதவர் வீட்டுச் சிறுவனுக்கு ஒரு வேலை இருந்தது. யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கும் ஒரு வேலை இருந்தது: வீட்டில் சொல்லும் மங்கள வார்த்தையை மனசில் பத்திரமாக வைத்திருந்து, ஒருநாள் தன் பிள்ளைக்குச் சொல்வது. நம்ம பிள்ளைங்களுக்கு நாம வகுப்பு கொடுக்கிறோம், சான்றிதழ் கொடுக்கிறோம், பரிசு கொடுக்கிறோம். வேலை மட்டும் கொடுக்கிறதில்லை.

படுத்திருக்கிற தாத்தாகிட்டப் போய் ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லிட்டு வான்னு அனுப்பிப் பாருங்க. இன்னைக்கு ராத்திரி செபத்தை வீட்டுல சின்னவ ஆரம்பிக்கட்டும். தப்பா சொன்னா சொல்லட்டும். "வேணும்"னு சொன்ன பிள்ளைங்ககிட்ட இருந்துதான் இதெல்லாம் இவ்வளவு தூரம் வந்திருக்கு.

உங்க வீட்டுல செபத்தை யார் ஆரம்பிக்கிறாங்க, பெரியவங்க சொன்ன பழைய செபங்கள் ஏதாவது இன்னும் நினைவுல இருக்கான்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திக்கலாம். வணக்கம்.